இல்லாத தைராய்டுக்குக் கொடுத்த முடி

பிள்ளை பெற்ற வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பார்கள். மூக்கு அப்பா வீட்டுப் பக்கம், நெற்றி அம்மா வீட்டுப் பக்கம் என்று பாகப்பிரிவினை முடிந்ததும், அடுத்து அவர்கள் பார்ப்பது பெற்றவளின் தலையை.

"முடியெல்லாம் எங்க போச்சு?"

ஏதோ நான் அதைக் கழற்றி எங்கோ வைத்துவிட்டு மறந்துபோனதைப் போலத்தான் கேட்பார்கள். நானும் குற்றம் செய்தவளாக, "கொட்டிடுச்சுங்க" என்று தரையைப் பார்ப்பேன். தரையிலும் அதுதான் கிடக்கும்.

கர்ப்பமாக இருந்தபோது எனக்கு முடி அப்படி இருந்தது. பின்னலைக் கைக்குள் பிடித்தால் விரல் சேராது. இனியா பிறந்து சில மாதங்கள் வரைகூட ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒருநாள் ஆரம்பித்தது பாருங்கள். தலையணையில், குளியலறைச் சல்லடையில், இனியாவின் மூடிய கைக்குள், இட்லி மாவில். என் கணவர் செந்தில் ஒருநாள் சாம்பார் சாதத்துக்குள்ளிருந்து ஒன்றை இழுத்தார். மேஜிக் செய்பவர் வாயிலிருந்து ரிப்பன் எடுப்பதைப் போல அது வந்துகொண்டே இருந்தது. நல்ல மனிதர், ஒன்றும் சொல்லவில்லை. அதைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிட்டார். (அவர் ஒன்றும் சொல்லாததை நினைத்து நான் இரண்டு நாள் அழுதேன்.)

ஒற்றையடிப் பாதையாக இருந்த என் நடுவகிடு, பெரம்பலூரைத் தொட்டுக்கொண்டு போகும் சென்னை–திருச்சி சாலையைப் போல நான்கு வழிச் சாலையாக அகலமானது. காதோரங்களில் சர்வீஸ் ரோடு போடும் வேலையும் தொடங்கியிருந்தது.

இதெல்லாம் மற்ற நேரத்தில் நடந்திருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் அந்தத் தை மாதம் அரியலூரில் என் தம்பி பிரபுவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு அக்கா என்பவளுக்கு எங்கள் பக்கம் ஒரே ஒரு முக்கியமான வேலை உண்டு. மாப்பிள்ளை தாலியில் முதல் முடிச்சைப் போட்டதும், மிச்ச முடிச்சுகளை நாத்தனார் போடவேண்டும். பெண்ணுக்குப் பின்னால் நின்று, குனிந்து போடவேண்டும். மண்டபத்தில் உள்ள எல்லா கேமராவும் ஒரே நேரத்தில் பார்க்கும் இடம் அது. குனிந்திருப்பவளின் முகம் படத்தில் விழாது. உச்சந்தலைதான் விழும். என் கல்யாண ஆல்பத்தில் அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து, என் நாத்தனாருக்கு இரட்டைச் சுழி என்பது எங்கள் குடும்பம் முழுவதற்கும் தெரியும்.

ஆகவே என் இலட்சியம் சிறியது. தை மாதத்துக்குள் நான்கு வழிச் சாலை மறுபடி ஒற்றையடிப் பாதையாக வேண்டும். பூ வைத்த சொந்தப் பின்னலோடு நான் அந்த முடிச்சைப் போடவேண்டும்.

என் மாமியார் கரிசலாங்கண்ணியை அரைத்து எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தார். "தேச்சுக்க கவிதா, கொட்டறது நின்னா நிக்கும், இல்லாட்டி மண்டையாச்சும் குளுந்துருக்கும்" என்றார். தன் மருந்தைப் பற்றி இவ்வளவு நேர்மையாகப் பேசிய வைத்தியரை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. ஆனால் நான் வேதியியலில் முதுகலை படித்தவள். இனியா வயிற்றில் வரும்வரை பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவள். எண்ணெய் மேலே நிற்கும், வேர் உள்ளே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அப்படி எல்லாம் தெரிந்த நான், அறிவியல் எங்கே கிடைக்கும் என்று தேடிப்போய், செல்போனில் ஒரு பெண்ணின் வீடியோவில் விழுந்தேன்.

அந்தப் பெண்ணுக்கு முழங்கால்வரை முடி. ஊஞ்சலில் உட்கார்ந்து முடியை ஒரு பக்கமாகப் போட்டுக்கொண்டு, "முடி உள்ளேருந்து வளரணும் தோழிகளே" என்றாள். அவள் கையில் ஒரு டப்பா. அதற்குள் சிவப்புச் சிவப்பாக, கரடிக்குட்டி வடிவத்தில் ஜெல்லி மிட்டாய்கள். வைட்டமின் மிட்டாயாம். அந்த வீடியோவின் கீழே எத்தனையோ தோழிகள் நன்றி சொல்லியிருந்தார்கள். எனக்கு மட்டும் என்ன, நானும் ஒரு தோழிதானே. டப்பா வீட்டுக்கு வந்தது.

பால் கொடுக்கிறவள் சாப்பிடலாமா என்று மருந்துக்கடைக்காரரிடம் கேட்டேன். "வைட்டமின்தானக்கா" என்றார். பிறகு இணையத்தில் கேட்டேன். சாப்பிடலாம் என்றது. சாப்பிடக்கூடாது என்றும் சொன்னது. சாப்பிடலாம் என்று சொன்னதை இன்னொரு தடவை படித்துவிட்டு மூடினேன்.

நாளுக்கு ஒன்று என்று டப்பாவில் எழுதியிருந்தது. பலன் தெரியச் சில மாதங்கள் ஆகும் என்றும் எழுதியிருந்தது. எனக்கு அவ்வளவு மாதங்கள் இல்லை. செறிவு கூடினால் வினையின் வேகம் கூடும் என்று கரும்பலகையில் எத்தனை வருடம் எழுதிப்போட்டிருக்கிறேன். ஒன்றை இரண்டாக்கினேன். இரண்டு நாலாயிற்று. கூடவே அதே பெண் அதே ஊஞ்சலிலிருந்து சிபாரிசு செய்த ஒரு பொடியைப் பாலில் கலந்து குடித்தேன். தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நின்று வகிட்டைப் படமெடுத்து, நேற்றைய வகிட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். என் போனில் குழந்தையின் படங்களைவிட என் மண்டையின் படங்கள் அதிகமாயின.

ஜெல்லிகள் கணக்குக்கு முன்னால் தீர்ந்தன. விசாரித்ததில் செந்தில் மாட்டினார்.

"நல்லாருக்கு, புளிப்பா" என்றார்.

"ஏங்க, அது முடிக்கு."

"எனக்கு மட்டும் முடி இல்லியா?" என்று மீசையை நீவிக்கொண்டார்.

அவருடைய மீசையைப் பற்றி இங்கே சொல்லியாகவேண்டும். எறையூர்ப் பக்கம் சர்க்கரை ஆலையில் ஷிப்ட் முடிந்து வரும்போது ஆள் கரும்புச் சக்கையாக வருவார். மீசை மட்டும் அப்போதுதான் வேலைக்குக் கிளம்புவதைப் போல முறுக்கிக்கொண்டு நிற்கும். தலையில் மிச்சமிருந்த முடியில் ஒன்று நரைத்தபோது சிரித்தவர், மீசையில் ஒன்று நரைத்தபோது லீவு போட்டார்.

கார்த்திகையில் இனியாவுக்குத் தடுப்பூசி போடப் போனபோது, எனக்கும் ஒரே அசதியாக இருக்கிறது, நெஞ்சு படபடக்கிறது என்று டாக்டரம்மாவிடம் சொன்னேன். (இரவெல்லாம் விழித்திருக்கும் குழந்தையும், பகலெல்லாம் விழித்திருக்கும் மாமியாரும் இருந்தால் அசதி வராமல் என்ன வரும் என்று இப்போது தோன்றுகிறது.) ரத்தப் பரிசோதனை எழுதினார். "மாத்திரை மருந்து எதாச்சும் சாப்பிடறீங்களா?" என்று கேட்டார்.

"இல்லைங்க டாக்டர்" என்றேன்.

பொய் சொல்லவில்லை. கரடிக்குட்டி எனக்கு மிட்டாய்தான். பொடி, பாலோடு போய்விடுவதால் பால்தான். பாலையும் மிட்டாயையும் டாக்டரிடம் யாராவது சொல்வார்களா.

ரிப்போர்ட் செல்போனுக்கு வந்தது. தைராய்டு என்ற தலைப்பின் கீழ் மூன்று எண்கள், மூன்றும் தடித்த எழுத்தில். ஒன்று அதலபாதாளத்தில் கிடந்தது, மற்ற இரண்டும் வானத்தில் பறந்தன. நான் செய்யக்கூடாத காரியத்தைச் செய்தேன். இணையத்தில் தேடினேன். தைராய்டு மிதமிஞ்சிச் சுரந்தால் படபடப்பு வரும் என்றது. ரிப்போர்ட் வந்த நிமிடத்திலிருந்து எனக்கு அது இருந்தது. கை நடுங்கும் என்றது. போன் ஆடிக்கொண்டிருந்தது. எடை குறையும் என்றது. எழுந்துபோய்ப் பார்த்தேன், ரவிக்கை கொஞ்சம் தளர்வாகத்தான் தெரிந்தது. கடைசியாக, முடி கொட்டும் என்றது.

அவ்வளவுதான். இனியாவை மடியில் போட்டுக்கொண்டு, அவள் பள்ளிக்கூடம் போகும்போது யார் தலைவாரிவிடுவார்கள் என்று நினைத்து நான் அழ ஆரம்பித்தேன். அவளுக்கு அப்போது வாருவதற்கு முடியே கிடையாது.

மாமியார் கீரையும் கையுமாக வந்து நின்றார்.

"என்னாச்சு?"

"தைராய்டு அத்தே. ரொம்ப ஏறிப்போச்சு."

அவருக்குத் தெரிந்த தைராய்டு, தூரத்துச் சொந்தத்தில் ஒருவருக்குக் கழுத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வந்தது. என் தாடையைத் தூக்கிக் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சாமி அலமாரிக்குப் போனார். மஞ்சள் துணியில் ஒரு காசை வைத்து முடிந்தார். உதடுகள் அசைந்தன. எங்கள் குலதெய்வம் பச்சையம்மன், உடையார்பாளையம் பக்கம் முந்திரிக்காட்டுக்குள் இருக்கிறாள். அவளிடம்தான் ஏதோ பேசினார்.

எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. எனக்காக வேண்டிக்கொள்ளும் மாமியார் எத்தனை பேருக்கு வாய்க்கும் என்று நினைத்தேன். என்ன வேண்டிக்கொண்டார் என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருக்கவேண்டும்.

மறுநாள் குடும்பத்தோடு டாக்டரிடம் போனோம். அவர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கையை நீட்டச் சொன்னார். நாடி பிடித்தார். கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். மறுபடி ரிப்போர்ட்டை எடுத்தார்.

"இதப் பாத்தா நீங்க சும்மாவே ஓடிக்கிட்டு இருக்கணும். ஆளப் பாத்தா ஒக்காந்தே தூங்கறீங்க. நெஜமாவே ஒண்ணும் சாப்பிடலியா? டானிக்கு, நாட்டு மருந்து?"

"ஒண்ணும் இல்லைங்க டாக்டர்."

"ஜெல்லி சாப்பிடுவா டாக்டர்" என்றார் செந்தில், மனைவியைப் பற்றி நாலு வார்த்தை நல்லதாகச் சொல்லும் குரலில். "நல்லாருக்கும், புளிப்பா."

இனியாவின் பையில் துணிக்கும் பால் புட்டிக்கும் நடுவிலிருந்து டப்பாவை எடுத்து வைத்தேன். டாக்டர் அதன் பின்பக்கத்தைப் படித்தார். ஒரு நாளைக்கு எத்தனை, கூட வேறென்ன என்று கேட்டார். சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். அவருக்குச் சிரிப்பு அடங்கும்வரை நாங்கள் நால்வரும் காத்திருந்தோம்.

"இதுல பயோட்டின்னு ஒரு வைட்டமின் இருக்கும்மா. அது ரத்தத்துல நெறைய இருந்தா, சில மெஷின்ல தைராய்டு கணக்கையே கொழப்பிடும். ஏறாதது ஏறுன மாதிரி காட்டும். ஒடம்புல ஒண்ணும் இருக்காது. இத நிறுத்திட்டு, கொஞ்ச நாள் கழிச்சு மறுபடி டெஸ்ட் எடுங்க, பாத்துக்கலாம்."

எனக்கு உயிர் வந்தது. உயிர் வந்ததும் புத்தி பழைய இடத்துக்கே போனது.

"முடி வளருமா டாக்டர், இதுல?"

"அந்தச் சத்து ஒடம்புல கொறஞ்சிருந்தா ஒதவும். முட்டை, கடலை, பருப்பெல்லாம் சாப்பிடறீங்கல்ல? அப்படிச் சாப்பிடறவங்களுக்கு அது கொறையறதே அபூர்வம். கொறையே இல்லாதப்ப கூடக் கூடத் தின்னா, ஒடம்பு அத வச்சிக்கிட்டு என்ன பண்ணும்? வெளிய அனுப்பிடும்."

(அப்படியானால் எங்கள் தெருச் சாக்கடைக்கு இந்நேரம் இடுப்புவரை முடி வளர்ந்திருக்கவேண்டும்.)

"பிள்ள பெத்தா கொட்டும்மா. வயித்துல பிள்ள இருந்தப்ப கொட்டாம நின்னதெல்லாம் சேத்து இப்ப கொட்டுது. அதுவா நிக்கும், அதுவா வரும். இரும்புச்சத்தெல்லாம் சரியாத்தான் இருக்கு ஒங்களுக்கு."

"தை மாசத்துக்குள்ள வந்துடுங்களா?"

"முடிக்குத் தை மாசம் தெரியாதும்மா" என்றார்.

இரண்டாவது ரிப்போர்ட்டில் எண்கள் மூன்றும் ஒழுங்காகத் தத்தம் இடத்தில் உட்கார்ந்திருந்தன. செந்தில் அல்வா வாங்கி வந்தார். நான் அல்வாவை வாயில் வைத்தேன். மாமியார் காலண்டரைத் திருப்பினார்.

"வர்ற வெள்ளிக்கெழம நல்லாருக்கு. பச்சையம்மனுக்கு முடி எறக்கிட்டு வந்துடலாம்."

இனியாவுக்கு முதல் மொட்டை போடவேண்டியிருந்தது. தாய்மாமன் பிரபுவின் மடியில் உட்கார்த்திப் போடுவதாக முன்பே பேசியிருந்தோம். "ஆமா அத்தே, பாப்பாவுக்கு முடிச்சிடலாம்" என்றேன்.

"பாப்பாவுக்கும் ஒனக்கும்."

வாயிலிருந்த அல்வாவை மெல்லாமலே விழுங்கினேன்.

"எனக்கா?"

"வேண்டிக்கிட்டேனே. மருமவளுக்கு இந்த நோவு இல்லாமப் பண்ணித்தா, அவ முடிய ஒனக்கு எறக்கறேன்னு."

"என் முடியவா? ஒங்க முடிய வேண்டிக்கிட்டிருக்கலாமே அத்தே."

"எனக்கு எங்க தைராய்டு இருக்கு?"

நான் செந்திலைப் பார்த்தேன். அவர் அல்வாவைப் பார்த்தார். அவர் உதவமாட்டார் என்று தெரிந்ததும் நானே வாதாடினேன். வேதியியல் ஆசிரியை, ஒன்றிலிருந்து ஒன்றாகப் படிப்படியாக விளக்கினேன். அத்தே, எனக்குத் தைராய்டு வரவே இல்லை. மெஷின் தப்பாகக் காட்டியது. வராத நோய்க்கு வேண்டுதல் எப்படிச் செல்லும்?

மாமியார் பொறுமையாகக் கேட்டார்.

"இப்ப ஒனக்கு நோவு இருக்கா?"

"இல்ல."

"இல்லாமப் பண்ணித்தான்னுதான கேட்டேன்."

"அது மொதல்லேருந்தே இல்ல அத்தே."

"அம்மன் மொதல்லேருந்தே இல்லாமப் பண்ணிட்டா. அதுக்கு நாம என்ன சொல்ல முடியும்?"

இதற்குப் பதில் இருந்தால் எனக்கு இன்றும் யாராவது எழுதியனுப்பலாம். படித்தவள் என்ற திமிரில் மறுத்திருக்கலாம்தான். ஆனால் எனக்கு ஒரு கெட்ட பழக்கம், எதைச் செய்ய மறுத்தாலும் பிறகு இனியாவுக்குச் சளி பிடித்தால் அதனால்தானோ என்று தோன்றும். கரடிக்குட்டிகளை நம்பினவள் பச்சையம்மனை மட்டும் எந்த முகத்தோடு நம்பாமல் இருப்பது என்றும் இருந்தது. ஆகவே கடைசியாக ஒரு சமரசத்துக்குப் போனேன். பூமுடி. மொட்டைக்குப் பதிலாக முடி நுனியில் கொஞ்சம் மட்டும் கத்தரித்துக் கொடுப்பது. கோயில்களில் எல்லாரும் செய்வதுதான்.

"தை மாசம் தம்பி கல்யாணம் அத்தே. நாத்தனார் முடிச்சுப் போடணும். பூமுடி குடுத்துடறேனே."

மாமியாருக்கும் மனசு இளகியது. ஆனாலும், "நானா மாத்த முடியாது. அவகிட்டயே கேட்டுடுவோம். பூப் போட்டுப் பாத்துடலாம்" என்றார்.

பூப் போட்டுப் பார்ப்பது என்றால், வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, தனித்தனியாகக் காகிதத்தில் மடித்து அம்மன் முன்னால் போடுவார்கள். ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் பூமுடி, சிவப்பு வந்தால் மொட்டை என்று முடிவாயிற்று. குழந்தை யார்? அதற்குத்தான் வீட்டிலேயே ஒன்று தவழ்ந்துகொண்டிருந்ததே.

வெள்ளிக்கிழமை பெரம்பலூரிலிருந்து பஸ் ஏறி, அரியலூரில் பிரபுவைச் சேர்த்துக்கொண்டு, சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் புழுதியைச் சாப்பிட்டுக்கொண்டே போய்ச் சேர்ந்தோம். போகும் வழியெல்லாம் நான் பின்னலை முன்னால் எடுத்துப்போட்டு மடியில் வைத்திருந்தேன். டிக்கெட் கொடுத்த கண்டக்டர்கூட ஒரு தடவை அதைப் பார்த்தார்.

பூசாரி இரண்டு பொட்டலங்களை உருட்டிப் போட்டார். இனியாவை இறக்கிவிட்டேன். என் மகளே, என் செல்லமே, வெள்ளையை எடு என்று நெஞ்சுக்குள் கும்பிட்டேன். அவள் ஆனந்தமாகத் தவழ்ந்து போனாள். இரண்டையும் எடுத்தாள். ஒன்றைக் கையில் இறுக்கிக்கொண்டாள், இன்னொன்றை வாயில் போட்டுக்கொண்டாள்.

எனக்குப் பூ முக்கியமில்லை, காகிதம் தொண்டையில் சிக்கிவிடும் என்ற பயம். பாய்ந்துபோய் வாய்க்குள் விரலை விட்டு எடுத்தேன். ஊறிப்போன காகிதத்துக்குள் சிவப்பு அரளி இருந்தது. அப்படியென்றால் கையில் இருப்பது வெள்ளை.

"கையில இருக்கறதுதான் கணக்கு" என்றேன். வேகமாகச் சொல்லிவிட்டேன், எனக்கே கூச்சமாக இருந்தது.

"வாயில போனதுதான் அவ வாங்கிக்கிட்டது" என்றார் மாமியார்.

பூசாரி நெற்றியைச் சொறிந்தார். அவருடைய அனுபவத்தில் இதுவரை எந்தக் குழந்தையும் தீர்ப்பைத் தின்றதில்லை போலிருக்கிறது.

"பிள்ள மொதல்ல எதத் தொட்டுச்சுன்னு பாத்தீங்களா? அதத்தான் எடுத்துக்கணும்."

யாரும் பார்க்கவில்லை. நான் கண்ணை மூடி வேண்டிக்கொண்டிருந்தேன். மாமியாரும் அப்படியே. செந்தில் மீசையில் ஒட்டிய குங்குமத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். அப்போது என் தம்பி, என் ரத்தம், நான் இடுப்பில் தூக்கி வளர்த்த பிரபு, "நான் வீடியோ எடுத்தேன்" என்றான்.

கிரிக்கெட்டில் மூன்றாவது நடுவர் பார்ப்பதைப் போல எல்லோரும் செல்போனைச் சுற்றி நின்றோம். ஓட்டிப் பார்த்தான். நிறுத்திப் பார்த்தான். விரலால் பெரிதாக்கிப் பார்த்தான். இனியாவின் வலது கை முதலில் ஒரு பொட்டலத்தைத் தொட்டது. அந்தக் கை நேராக வாய்க்குப் போனது.

"அக்கா, செவப்புதான்."

"ஒன் கல்யாணத்துக்குத்தான்டா இவ்வளவும்" என்றேன்.

"தெரியும்க்கா. அதுக்காக வீடியோவ மாத்த முடியுமா?"

மரத்தடியில் வரிசையாக மொட்டை போடும் இடத்தில், இனியா மாமன் மடியில் ஊரைக் கூட்டினாள். பக்கத்தில் நான் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். தலையை நனைத்துவிட்டு ஒரு தடவை விரலால் கோதிப் பார்த்த நாவிதர் நிறுத்தினார்.

"அடியில புதுசா நல்லா மொளச்சி வந்திருக்கேம்மா. கருகருன்னு இருக்கு. என்ன போடறீங்க?"

அந்த ஆறேழு மாதங்களில் என் தலையைப் பார்த்து ஒருவர் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதான். அது கிடைத்த மறு நொடியில் கத்தி நடுவகிட்டில் இறங்கியது. டாக்டரம்மா சொன்னபடி முடி தானாக வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. நான்தான் அதற்குக் காத்திருக்கவில்லை.

சந்தனம் பூசிக்கொண்டு இனியாவை வாங்கினேன். அழுகையை நிறுத்தி என்னைப் பார்த்தாள். யாரோ என்று நினைத்து மிரண்டுவிடுவாளோ என்று எனக்குப் பயம். அவள் தன் தலையைத் தொட்டாள். என் தலையைத் தொட்டாள். பிறகு வாய் கொள்ளாமல் சிரித்தாள். இதுவரை தனக்கும் அம்மாவுக்கும் இருந்த பெரிய வித்தியாசம் ஒன்று தீர்ந்துவிட்டதைப் போல.

கல்யாணத்துக்குள் ஒரு விரல்நுனி அளவுக்குக் குத்திக்கொண்டு வளர்ந்திருந்தது. சவுரி வைக்கலாமா என்று கேட்டேன். சவுரியைக் கட்டவும் கொஞ்சம் சொந்த முடி வேண்டுமாம். முந்தானையால் முக்காடு போடலாமா என்றேன். "நேந்துகிட்டுக் குடுத்த தலைய மூடக் கூடாது" என்றார் மாமியார்.

மேளம் உச்சத்துக்குப் போனது. பிரபு முதல் முடிச்சைப் போட்டான். நான் பெண்ணுக்குப் பின்னால் குனிந்தேன். கழுத்துவரை மாலைகளும் மற்றவர்களும் மறைத்துக்கொண்டிருந்தார்கள். வெளியே தெரிந்தது என் உச்சந்தலை மட்டும்.

"அண்ணே, அண்ணே, கொஞ்சம் தள்ளுங்க" என்று போட்டோக்காரர் கத்தினார். "மாப்பிள்ளையோட அக்காவ வரச் சொல்லுங்க. நாத்தனார் முடிச்சு எடுக்கணும்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அந்த நொடியில் அவர் விரல் தவறி பட்டனை அழுத்திவிட்டது. அந்தப் படம்தான் ஆல்பத்தில் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து விரிந்திருக்கிறது. தாலியைக் கையில் பிடித்தபடி முறைக்கும் அண்ணன், பட்டுப்புடவையில்.

சாப்பாட்டுப் பந்தியில் பெண் வீட்டுப் பெரியம்மா ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எந்தக் கோயிலு தாயி?" என்றார். சொன்னேன். "எம் பொண்ணுக்கு வரன் தள்ளிக்கிட்டே போவுது. நீ அவ தலையில கைய வச்சு ஒரு வார்த்த சொல்லு." நானும் வைத்தேன். வேறென்ன செய்வது, இலையில் பாயசம் வேறு ஆறிக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணுக்கு ஆவணியில் கல்யாணம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு பெண் வீட்டுச் சொந்தத்தில் எனக்கு ஒரு மரியாதை. என் எம்.எஸ்ஸி.க்கு வராத மரியாதை.

மொட்டைக்குப் பிறகு எங்கள் வீட்டில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. ஒரே நாளில், ஒரே கத்தியில் மழித்த இரண்டு தலைகள். இரண்டுக்கும் கரடிக்குட்டி கிடையாது. வெள்ளிக்கிழமைதோறும் மாமியார் எங்கள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். இரண்டும் அதனதன் பாட்டுக்கு, யாரும் விரட்டாமல், ஒரே நிதானத்தில் வளர்ந்தன. சித்திரையில் இனியாவுக்கு நெற்றியில் சுருண்டது. எனக்குக் காதைத் தொட்டது. அடுத்த வருடம் என் வகிடு மறுபடி ஒற்றையடிப் பாதையானது. அம்மன் வாங்கியதை வட்டியோடு திருப்பித் தந்துவிட்டாள் என்கிறார் மாமியார். ஜெல்லி உடம்பிலேயே தங்கி மெதுவாக வேலை செய்தது என்கிறார் செந்தில். டாக்டரம்மாவோ என்னைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றிவிடுகிறார்.

இப்போது எங்கள் குடும்பத்தில் யாருக்கு ரத்தப் பரிசோதனை என்றாலும், அரியலூரானாலும் பெரம்பலூரானாலும், ரிப்போர்ட் வரும்வரை தலையில் கை வைத்துக்கொண்டுதான் பேசுவார்கள். என் மாமியாருக்கு மட்டும் தெரியக்கூடாது என்பது எல்லா வீட்டிலும் சட்டம். அவர் நல்லதுதான் செய்வார். அதுதான் பயம்.

போன மாதம் செந்தில் வேலையிலிருந்து வந்ததும் வராததுமாக என்னைக் கொல்லைப்புறம் கூட்டிப்போனார். வேலை செய்யும் இடத்தில் எல்லோருக்கும் டெஸ்ட் எடுத்தார்களாம். சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறதாம். மறுபடி எடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்களாம்.

"பயப்படாதீங்க, மறுபடி பாத்தாத்தான தெரியும்" என்றேன். "கரடி எதாச்சும் சாப்பிட்டீங்களா?"

"சத்தியமா இல்ல. அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத."

அடுக்களை ஜன்னல் திறந்திருந்ததை நாங்கள் இருவரும் கவனிக்கவில்லை. உள்ளேயிருந்து மாமியாரின் குரல் அமைதியாக வந்தது.

"அவ எதுக்குச் சொல்லணும், எங்காதுதான் நல்லாருக்கே. பயப்படாத செந்திலு, பச்சையம்மன்கிட்ட சொல்லிட்டேன்."

செந்தில் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"தலையில என்னடா இருக்கு, அத வாங்கிக்கிட்டு அவ என்ன பண்ணப்போறா" என்றார் மாமியார். "மீசைய நேந்துகிட்டேன்."